இரவல் இறகும் கலாயோகியும்

கண்டி மாநகரிலே மணமக்களை அலங்கரிக்கும் நிலையங்கள் பல உள. அவற்றின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ளே பழைய கண்டிப் பிரதானி ஒருவர் தலையும் முகமும் இன்றி நிற்பதை வழிப்போக்கர் காணலாம். பொன்னிழை பின்னிய குறுஞ்சட்டை, தோளிலே புடைத்து எழும் கை, வயிறு பருத்துத் தோன்றும்படி இடையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிய நெடுந்துணி, அரையிலே செருகிய கத்தி, பக்கத்திலே ஒரு முக்காலிமேல் நாற்கோணத் தொப்பி. இவ்வளவும் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும். கந்தோர் எழுதுவினைஞரும் கடைச் சிப்பந்தியும் மணநாளன்று நிலமேயாக உருமாறி, மறுநாள் அவ்வுடையை மடித்துக் கொடுத்துவிட்டுத் தத்தம் காற்சட்டைக்குத் திரும்புகின்றனர்.

ஒருமுறை நம் நண்பர் ஒருவரின் மணத்திற்காக அத்தகைய நிலையம் ஒன்றிற்கு நாமும் துணை சென்றோம். உடுத்திவிடுபவர் துணியை ஒரு முனையிற் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளை மறுமுனையிலிருந்து பம்பரம்போற் சுழன்று சுழன்று வந்தார். அக்காட்சியைக் கண்டு நகைத்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சிறு நூலின் நினைவு வந்தது. 1905ஆம் ஆண்டிலே இதே கண்டி நகரில் அச்சாகி வெளிவந்தது அது. நூலின் பெயரைத் தமிழிலே இரவல் இறகுகள் எனலாம். எழுதியவர் அப்போது இருபத்தெட்டு வயதுதானும் நிரம்பப் பெறாத அரசாங்க உத்தியோகத்தர். பிற்காலத்திலே உலகம் கலாயோகி என்று போற்றிய ஆனந்த குமாரசுவாமி.

மயிலின் இறகைச் செருகிக்கொண்ட காகத்தின் கதையை ஈசாப்பு சொல்லியிருக்கிறார். நம் மூதாட்டியும் ஒரு வான்கோழியைக் காட்டிப் போயிருக்கிறாள். இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவளைப் பற்றி ஊர்க் கிழவிகள் சொல்லும் பழமொழியும் உண்டு. ஆனால் இரவலுடை பற்றிப் பேசுவதற்குக் குமாரசுவாமியைப் போல் உரிமையுடையவரும், அவரைப்போல் அதனாற் சங்கடப்படவேண்டியவரும் வேறொருவர் இருந்திருக்க முடியாது. அவருடைய முழுப் பெயரே இரு துணிகளை ஒட்டித் தைத்ததுபோன்றது: ஆனந்த கெந்திஷ் குமாரசுவாமி. நடுவில் உள்ள சொல் அன்னை பிறந்த கென்ற் மாநிலத்தைக் குறிப்பது.

தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, சட்டநிரூபண சபையிலே தமிழர் பிரதிநிதியாக விளங்கிய முதலியார் ஒருவரின் மைந்தர். இங்கிலாந்து சென்று 1863இல் இலிங்கன்ஸ் இன்னிலே நியாயவாதியானார். கிறித்தவரோ யூதரோ அல்லாத ஒருவருக்கு அப்பேறு அதற்குமுன் கிட்டியதில்லை. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலமாக்கினார். 1874ஆம் ஆண்டிலே, கண்டித் தலதா மாளிகையில் வைத்துப் போற்றப்படும் புனித தந்தத்தின் வரலாறாகிய தாதாவம்சத்தைப் பாளியிலிருந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அதே ஆண்டிலே அவருக்குச் சேர் பட்டமும் கிடைத்தது. சைவக் குடியிற் பிறந்து, பௌத்த நூலை மொழிபெயர்த்து, எலிசபெத் பீபி என்னும் ஆங்கில மங்கையை மணந்துகொண்ட அவருக்கு ஆனந்தர் ஒரே மகவு. பிறந்தது 1877 ஆகஸ்டு 22, கொழும்பிலே.

குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தாய் அதனை எடுத்துக்கொண்டு இங்கிலாந்து சென்றார். தந்தையும் பின்தொடர்ந்து செல்வதாக இருந்தது. 1879 மே 4ஆம் நாள், கப்பலேற வேண்டிய அன்றே, அவர் உயிர் நீத்தார். அவர் வகித்த சட்டசபை ஆசனத்துக்கு நாவலர் பெருமானின் ஆதரவோடு மருமகன் பொன்னம்பலம் இராமநாதன் வந்த கதையை நம்மவர் நன்கறிவர். கடலுக்கு அப்பால் தந்தையின் முகமே அறியாமல் வளர்ந்த குழந்தையின் கதையை அவ்வளவாகச் சொல்வாரில்லை.

ஆங்கிலப் பள்ளி, ஆங்கில உடை, ஆங்கில மொழி. லண்டன் பல்கலைக் கழகக் கல்லூரியிலே நிலவியலும் தாவரவியலும் கற்றுத் தேறினார். 1902இல் எதெல் பாட்றிஜ் என்னும் பெண்ணை மணந்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணியாற்றினார். அக்காலத்துக் கப்பற் பயணத்தை எண்ணிப்பாருங்கள். சுயெஸ் கால்வாய் வழியாக வாரக்கணக்கில் நீளும் பயணம். முதல் வகுப்பில் மாலை விருந்துக்குக் கறுப்புக் கோட்டும் கஞ்சி போட்ட வெண்சட்டையும் இன்றி உணவு மேசையை அணுகுதல் மரியாதைக் குறைவு. இன்றைக்கும் உல்லாசக் கப்பல்களிலே அவ்வழக்கம் முற்றாக ஒழிந்துவிடவில்லை. விருந்து இரவு என்று குறித்த நாட்களுக்கு அவ்வுடையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும் வசதியும் முன்னர்ப் பயணிகளுக்கு இருந்தது. ஒரு மாலைப்பொழுதுக்குச் சீமானாகிப் பார்க்கும் ஆசை கடலிலும் கரையிலும் ஒன்றே போலும்.

குமாரசுவாமி இலங்கையின் பாறைகளை ஆராய வந்தவர். அத்துறையில் அவர் சாதித்தது சிறிதன்று. கண்டிக்கு அண்மையிலே அம்பக்கோட்டைப் பக்கத்துக் கங்காபிட்டியில் அதுவரை யாரும் அறியாத கனிப்பொருள் ஒன்றைக் கண்டு, பிரயர் என்பாரோடு சேர்ந்து அதற்குச் செரண்டிபைட்டு என்று நம் தீவின் பழம்பெயரையே சூட்டினார். 1904ஆம் ஆண்டிலே உலகறிந்த தோரியனைட்டின் வரலாற்றிலும் அவருக்குப் பங்குண்டு. இலங்கையிலிருந்து சென்ற அக்கனிப்பொருளை வைத்துத்தான் ஓட்டோ ஹான் என்னும் ஜெர்மானிய இளைஞர் லண்டனிலே தம் முதற் கண்டுபிடிப்பைச் செய்தார். பிற்காலத்தில் அணுவைப் பிளந்தவர் அவரே.

ஆயினும் பாறையைத் தேடி மாட்டுவண்டியில் ஊரூராய்ச் சென்றவரின் கண் பாறையோடு நின்றுவிடவில்லை. எம்பக்கைத் தேவாலயத்து மரத்தூண்களும், கடலாதெனிய, இலங்காதிலக விகாரைகளும், தெகல்தொருவைக் குகையின் சுவரோவியங்களும் அக்கண்ணைப் பற்றி இழுத்தன. மகாவலி கங்கைக்கு அப்பால் தும்பறைப் பள்ளத்தாக்கிலே பாயும் துணியும் நெய்துகொண்டிருந்தார்கள். நத்தரம்பொத்தையில் வெள்ளிவேலை நடந்துகொண்டிருந்தது. ஆனால் தட்டாரும் தச்சரும் சித்திரகாரரும் முந்திய தலைமுறையின் நிழலாக மாறிவருவதை அவர் கண்டார். அரசர் காலத்தில் அவர்களுக்குத் தொழிலுக்காக விடப்பட்டிருந்த நிலமும் ஆதரவும் 1815இல் கண்டி வீழ்ந்தபின் சிறிது சிறிதாகத் தளர்ந்துவிட்டன. அவர்களிடம் பொருள் வாங்கவேண்டிய பிரதானிமாரோ ஐரோப்பியச் சாமான்களால் வீட்டை நிரப்பிக்கொண்டிருந்தனர். 1905ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதம் ஒன்றை வரைந்து, பழைய கட்டடங்களைச் செப்பனிடுகிறோம் என்று சிதைத்துவிடாதீர்கள் என வேண்டினார்.

இந்தப் பயணங்களின்போதுதான் அவர் ஒரு தாயையும் பிள்ளையையும் கண்டார். இருவரும் இந்நாட்டார், மதம் மாறியவர்கள், பொருந்தாத, அழுக்கேறிய ஐரோப்பிய உடை அணிந்திருந்தனர். சுற்றியிருந்த கிராமத்தாரோ தம் வெள்ளைத் துணியிலே இயல்பான அழகோடு விளங்கினர். அந்த வேற்றுமை குமாரசுவாமியின் நெஞ்சிலே முள்ளாகத் தைத்தது. இரவல் இறகுகள் என்ற சிறுநூல் அம்முள்ளின் வலி. பிறர் உடையை எண்ணிப்பாராது எடுத்து அணிபவன் தன் உடையை மட்டும் இழப்பதில்லை. அதனை நெய்தவனின் பிழைப்பையும், அதன் பின்னே நிற்கும் அழகுணர்ச்சியையும், ஈற்றில் தன்னைத்தானே மதிக்கும் இயல்பையும் இழந்துவிடுகிறான் என்பது அதன் சாரம்.

இந்தக் குரல் தனித்து ஒலித்ததன்று. முந்திய ஆண்டிலேதான், 1904இல், அவருடைய மைத்துனர் இராமநாதன் கொழும்பு ஆனந்தாக் கல்லூரியிலே சிங்கள மக்கள் தம் மொழியையும் நடையுடையையும் கைவிடுவதைக் கண்டித்துப் பேருரை ஆற்றியிருந்தார். தலைப்பாகை அணிந்த தமிழர் ஒருவர் சிங்களவரைச் சிங்களவராயிருக்கும்படி இரந்து கேட்ட காலம் அது! குமாரசுவாமி இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்துக்குத் தலைவரானார். ஐரோப்பிய வழக்கங்களைச் சிந்தனையின்றிப் பின்பற்றுவதைத் தடுப்பது அச்சங்கத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1906 முதல் அதன் சார்பில் சஞ்சிகை ஒன்றும் வெளிவந்தது.

அன்றைய கோலத்தை நோக்கினால் அவர் ஆத்திரம் விளங்கும். கரையோரத்து முதலிமார் காற்சட்டை அணிந்து, அதன்மேற் கம்பாயம் சுற்றி, அதன்மேற் பொற்பொத்தான் வைத்த நெடுஞ்சட்டை தரித்து, கொண்டையிலே ஆமையோட்டுச் சீப்பும் செருகியிருந்தனர். யார் எந்தப் பொத்தானை வைக்கலாம் என்பதைத் தீர்மானித்தது தேசாதிபதியின் அரசாங்கம். கண்டிப் பிரதானிகளுக்கு அவர்களுடைய பழைய உடையே அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதுவும் தேசாதிபதியின் வரவேற்புக்கும் பெரஹராவுக்கும் உரிய காட்சியுடையாகச் சுருங்கிவந்தது.

இங்கே நாம் சற்று நின்று குமாரசுவாமியோடு வழக்காட வேண்டியிருக்கிறது.

முதலாவது, அவர் சொந்த உடை என்று கொண்டாடிய கண்டி உடையிலும் இரவல் உண்டு. தோளிலே புடைத்த அந்தக் கை போர்த்துக்கேயர் வழி வந்தது என்பர் ஆராய்ச்சியாளர். அரசவையின் கடைசி நான்கு மன்னர்களோ, 1739 முதல் 1815 வரை, தென்னிந்தியாவிலிருந்து வந்த நாயக்க வம்சத்தினர்; அவர்களோடு அந்நாட்டு அணியும் பாணியும் வந்தன. இரவல் வாங்கியதைத் தன் உடலுக்கேற்பத் தைத்து, மூன்று தலைமுறை உடுத்தினால் அது சொந்தமாகிவிடுகிறது. எண்ணிப்பாராது எடுத்ததையே அவர் பழித்தார் என்று அவர்சார்பில் விடை கூறலாம். விடை நியாயமானதே. எனினும் எண்ணிப்பார்ப்பதற்கு எத்தனை ஆண்டுகள் தவணை கொடுப்பது என்பதை எந்த நூலும் வரையறுக்கவில்லை.

இரண்டாவது இதனினும் கடியது. 1660இல் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்திலே கழித்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி, தாம் தப்பிச் சென்றபின் 1681இல் வெளியிட்ட நூலிலே அந்நாட்டு உடையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தாழ்த்தப்பட்டோர் முழங்காலுக்குக் கீழே துணி தாழ விடலாகாது; சட்டை அணிதல் உயர்ந்தோர்க்கே உரியது; அணியின்னது, ஆசனம் இன்னது என்பதெல்லாம் பிறப்பினாலே விதிக்கப்பட்டவை. யாழ்ப்பாணத்தார் இதைப் படித்துக் கண்டியாரைப் பார்த்துச் சிரிக்க இடமில்லை. தோளிலே துணி போட்டதற்காக அடிபட்டவர்களின் கதை நம் கிராமங்களிலும் உண்டு.

அப்படியானால், வழியிலே கண்ட அந்தத் தாய் யார்? குமாரசுவாமி கண்டது அவளது சட்டையின் அழுக்கையும் பொருத்தமின்மையையும். அவளுடைய பாட்டிக்குச் சட்டை போட உரிமை இருந்ததா என்று அவர் கேட்கவில்லை. பாதிரியார் கொடுத்த அந்தப் பழஞ்சட்டை, கலைஞனின் கண்ணுக்கு விகாரம். அவளுக்கோ பிறந்த குலம் தடைசெய்த ஒன்றைத் தன் பிள்ளையின் உடலிலே கண்ட மகிழ்ச்சியாகவும் இருந்திருக்கலாம். அழகைத் தேடிச் சென்ற அந்தப் பெருங்கண், கிராமத்தின் வெள்ளைத் துணி யாருக்கு எவ்வளவு நீளம் என்று அளந்துவைத்திருந்த கோலைக் காணத் தவறிவிட்டது என்றே சொல்ல வேண்டும். அவர் புகழுக்கு இதனால் இழுக்கில்லை. ஆயினும் அவரை வணங்குவதற்காக அந்தத் தாயைப் பழிக்க நமக்கு மனம் வரவில்லை.

1907இல் அவர் இங்கிலாந்து சென்றார். பிராட் காம்டன் என்னும் சிற்றூரிலே பழைய தேவாலயம் ஒன்றைத் திருத்தி வீடாக்கினார். வில்லியம் மொறிஸ் பயன்படுத்திய கையச்சு இயந்திரம் அங்கே அவர் கைக்கு வந்தது. கண்டிக் கைவினைஞரைப் பற்றிய தமது பெருநூலை, இடைக்காலச் சிங்களக் கலை என்பதனை, அதிலே பதினைந்து மாதம் உழைத்து 1908இல் அச்சிட்டு முடித்தார். மொத்தம் 425 பிரதிகள். படங்களிற் பல எதெல் எடுத்த புகைப்படங்கள். தமிழ்த் தந்தைக்குப் பிறந்தவர், ஆங்கிலேயரின் அச்சிலே, சிங்களக் கைவினைஞருக்கு எழுப்பிய நினைவாலயம் அந்நூல். எல்லாம் இரவல், எனினும் அதற்கு நிகரான சொந்தப் பொருள் இத்துறையிலே இன்னும் தோன்றவில்லை.

எதெல் அம்மையாரின் கதையும் இங்கே சொல்லத்தக்கது. கண்டிச் சீமையின் நெசவையும் தையலையும் அருகிருந்து கண்ட அவர், குமாரசுவாமியைப் பிரிந்தபின் தறியையே வாழ்வாகக் கொண்டார். எதெல் மைரே என்ற பெயரோடு இங்கிலாந்தின் கைத்தறிக்கு மறுவாழ்வளித்தவர்களுள் முதன்மையானவரானார். சசெக்ஸ் மாநிலத்து டிச்லிங் என்னும் ஊரிலே, இலைச்சாற்றிலும் வேர்ச்சாற்றிலும் நூலுக்கு நிறமூட்டி, மாணவியர் பலரைப் பழக்கினார். தும்பறையிலே மெலிந்துகொண்டிருந்த ஒரு தொழிலின் மதிப்பை உணர்ந்து சென்றவர் ஓர் ஆங்கிலப் பெண் என்பது விந்தைதான்.

அடுத்து அவர் வாழ்விலே வந்தவர் அலிஸ் றிச்சட்சன். யோக்சயர் நாட்டுப் பெண்ணாகிய அவர் இந்திய இசை பயின்று, இரத்தினதேவி எனப் பெயர் பூண்டு, சேலையுடுத்து, தரையிலமர்ந்து, தம்புராவை மீட்டியவாறு மேனாட்டு மேடைகளிலே பாடினார். அவர் தொகுத்த பஞ்சாப், காசுமீரப் பாடல்கள் 1913இல் நூலாயின. கண்டியிலே ஐரோப்பிய உடை அணிந்த தாயைக் கண்டு வருந்தியவர், லண்டனிலே சேலையணிந்த ஆங்கில மனைவியின் கச்சேரியிற் பெருமிதத்தோடு வீற்றிருந்தார். முரண்பாடு என்று சொல்ல நாவெழுகிறது. ஆனால் இரத்தினதேவி குருவிடம் அமர்ந்து முறையாகக் கற்றுப் பாடியவர். உடை அங்கே கல்வியைத் தொடர்ந்து வந்தது.

இடையிலே கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு பழகினார். சுதேசியம் கொழுந்துவிட்டெரிந்த காலம். பிறநாட்டுத் துணியை எரிப்பவர்கள் அதே மலினமான துணியை நம் ஆலைகளிலே நெய்து உடுத்துவதாற் பயனென்ன என்று கேட்டு, நண்பர்களிடமும் கசப்பைச் சம்பாதித்தார். முதல் உலகப் போர் மூண்டபோது, அடிமைப்பட்ட இந்தியாவின் சார்பில் நின்று, பிரித்தானியப் படையிற் சேர மறுத்தார். காற்சட்டையை மறுக்காதவர் மறுத்த ஒரே ஐரோப்பிய உடை அந்தச் சீருடைதான். 1917இல் அமெரிக்கா சென்று பொஸ்ரன் நுண்கலைக் காட்சிச் சாலையின் இந்தியப் பகுதிக்குப் பொறுப்பேற்றார். மறு ஆண்டு வெளிவந்த சிவநடனம், தில்லைக் கூத்தனின் திருவடிவை மேனாட்டார் தரிசிக்க வாயில் திறந்தது. முப்பது ஆண்டுகள் அங்கேயே கழிந்தன.

பொஸ்ரனிலே எடுத்த பிற்காலப் படங்களை நோக்கினால், நெடிய உருவமும் நரைத்த முடியும் கூர்மையான மூக்குமாக, சாதாரண ஐரோப்பிய உடையிலேதான் அவர் காட்சியளிக்கிறார். இரவல் இறகு என்று எள்ளியவர் அதையே அணிந்திருக்கிறாரே எனச் சிலர் நகைப்பதுண்டு. நமக்கு அந்த நகைப்பிலே உடன்பாடில்லை. அவரைப் பொறுத்தவரை காற்சட்டை இரவலன்று, தாய்வழிச் சீதனம். தந்தைவழிச் சொத்தாகிய வேட்டியைத்தான் அவர் தேடிக் கற்று, உழைத்துப் பெற வேண்டியிருந்தது.

1947 ஆகஸ்டு 15இல் இந்தியா விடுதலை பெற்றது. ஒரு வாரம் கழித்து அவருக்கு எழுபது வயது நிறைந்தது. உத்தியோகத்தைத் துறந்து இந்தியாவுக்கே மீண்டு, இமயச் சாரலிலே துறவு வாழ்வு வாழ எண்ணியிருந்தார். செப்டெம்பர் 9ஆம் நாள், நீதம் என்னும் ஊரில் உள்ள தம் வீட்டிலே காலமானார். தந்தையைப் போலவே மகனும், கடல் கடக்க ஆயத்தமாயிருந்த வேளையிலே, கடவாமலே போய்விட்டார்.

ஐந்து மாதத்தில் இலங்கையும் சுதந்திரம் அடைந்தது. 1956ஆம் ஆண்டுத் தேர்தலோடு தேசிய உடை பாராளுமன்றத்துக்குள் வெற்றியுலா வந்தது. குமாரசுவாமியின் கனவு பலித்ததென மகிழ்வதற்குள், அதே ஆண்டிலே தனிச் சிங்களச் சட்டமும் அதே கதவு வழியாக வந்தது. கண்டிக் கலையைக் காக்க முதலிற் கூவிய தமிழரின் மைந்தரை அன்று எத்தனை பேர் நினைத்தார்களோ!

மீண்டும் நம் மணவீட்டுக்கு வருவோம். இரவல் வாங்கும் வழக்கம் கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் புதிதன்று. அண்டை வீட்டு அட்டியலைப் பூண்டு மணவறை ஏறாத பெண்கள் ஒரு காலத்திற் சிலரே. பந்தலுக்கு வெள்ளை கட்டவும் நிலபாவாடை விரிக்கவும் துணி கொண்டுவந்தவர்கள் சலவைத் தொழிலாளர். அந்தத் துணிகளும் பல வீடு கண்டவைதாம். ஆனால் பிரதானியின் உடை மட்டும் அன்று எவருக்கும் இரவலாகக் கிட்டியிராது. அதை அணியத் துணிந்த சாமானியனுக்குத் தண்டனையே கிடைத்திருக்கும்.

நம் நண்பர் சாமானியர். தந்தையார் பேராதனைப் பக்கத்திலே தோட்டவேலை செய்தவர். மண்டபத்திலே நாற்கோணத் தொப்பி சற்றே பெரிதாக இருந்தமையால், உள்ளே பத்திரிகைத் தாளை மடித்து வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை தலையை அசைக்க அஞ்சி, விருந்தினர் அனைவரையும் கண்ணாலேயே வணங்கினார். தாயார் மகனின் அரையிலிருந்த கத்தியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மறுநாட் காலை நாமே அந்தப் பொதியை நிலையத்திற் கொண்டுபோய்க் கொடுத்தோம். கடைக்காரர் தொப்பி, சட்டை, துணி, கத்தி என்று ஒவ்வொன்றாக எண்ணி எடுத்துக்கொண்டு, தொப்பிக்குள்ளிருந்த தாளை உருவி எம்மிடம் நீட்டினார். கண்ணாடிக்கு முன்னே அடுத்த மாப்பிள்ளை, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சுழல்வதற்கு ஆயத்தமாக நின்றுகொண்டிருந்தார்.